ரயானுக்கு முதல் ஓலை

நார்வே நாட்டின் வடக்குக் கடற்கரையில் மீன் வாடை அடிக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே இரண்டாம் நிலை லீக்கில் ஆடுகிற ஒரு கிளப்பின் ஒன்பதாம் நம்பர் சட்டை ஐந்து வருஷமாக ஒரு மைசூர்க்காரனின் முதுகில் இருந்தது. ஆள் ஸ்ட்ரைக்கர், கோல் அடிப்பதுதான் வேலை. சட்டையில் ஜோஷுவா என்று எழுதியிருக்கும். கோல் விழுந்தால் மூவாயிரம் பேர் எழுந்து நின்று அந்தப் பேரை ராகம் போட்டு இழுப்பார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? அது அவன் பேரே இல்லை. அவன் பேர் ரயான்.

இதில் மர்மம் ஒன்றும் வைக்கப் போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜோஷுவா என்பது அவன் தம்பி. இரண்டு வயது சின்னவன். பதினோராவது மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். அப்போது குடும்பம் கௌதள்ளி என்ற கிராமத்தில் இருந்தது. பிள்ளை பிறந்ததைப் பதிந்து வாங்கிய சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இறந்ததைக் கோயில் புத்தகத்தில் எழுதினார்கள். சர்க்கார் ஆபீசில் போய் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ரயானுக்குப் பதின்மூன்று வயதானபோது மைசூரில் ஒரு விளையாட்டு விடுதிக்குப் பையன்களை எடுத்தார்கள். பன்னிரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பா ஏசுதாஸுக்குத் தூக்கம் போயிற்று. மகன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வருவதை ஊரே பார்த்திருந்தது, ஒரு வயது வந்து குறுக்கே நிற்கிறதே என்று. ஒருநாள் பெட்டியைத் திறந்தார். செத்த பிள்ளைக்கு இது எதற்கு, இருக்கிற பிள்ளைக்கு ஆகட்டும் என்று சொல்லி ஜோஷுவாவின் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் மைதானத்தில் பாதிப் பையன்களுக்கு வயது குறைத்துத்தான் எழுதியிருக்கும், குறைக்காதவன்தான் ஏமாளி. ஆனால் மற்றவர்கள் வயதைக் குறைத்தார்கள். ஏசுதாஸ் ஆளையே மாற்றிவிட்டார்.

அதே மாதம் குடும்பத்தோடு மைசூருக்குக் குடிபெயர்ந்து, ஹெப்பாள் பக்கம் ஒரு கம்பெனி பஸ் ஓட்டும் வேலைக்கும் சேர்ந்துகொண்டார். புது ஊரில் எல்லோருக்கும் அவன் ஜோஷுவா. பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட், பெங்களூர் கிளப், கோவா கிளப், மாலத்தீவு, நார்வே என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக அந்தப் பேர் ஏறிக்கொண்டே போயிற்று. கதவைச் சாத்திய பிறகு அப்பாவும் அம்மாவும் மட்டும் ரயான் என்பார்கள், அதுவும் தாழ்ந்த குரலில்.

உலகத்தில் தன் பேர் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்றால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நார்வேயில் குளிர்காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டிவிடும். பயிற்சி முடிந்து ஃப்ளாட்டுக்கு வந்தால் சுவர்தான் துணை. கூட ஆடுகிறவர்கள் நல்ல மாதிரி, குறை சொல்லக் கூடாது. பிறந்த நாளுக்கு கேக் வாங்கி முகத்தில் அப்புவார்கள். அது தம்பியின் பிறந்த நாள். தன்னுடைய பிறந்த நாளன்று இவன் பஸ் பிடித்து ஒன்றரை மணி தூரத்தில் இருக்கும் வேறொரு ஊருக்குப் போவான். அங்கே ஒரு காபிக் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது பேர் கேட்பார்கள். ரயான் என்று சொல்வான். காபி தயாரானதும் கடைப் பெண் "ரயான்!" என்று கூப்பிடுவாள். காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பான், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. இரண்டு தடவை கேட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான்.

போன செப்டம்பரில் அப்பா போய்விட்டார். சனிக்கிழமை காலை அம்மா சகாயமேரி போன் செய்து சொன்னாள், மார்வலி, அரை மணி நேரம்கூட இல்லை என்று. மூன்று விமானம் மாறி வந்தால் இரண்டு நாள் ஆகும். அடக்கத்தைத் தள்ளி வைத்துக் காத்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்ல, அம்மாதான் வேண்டாம் என்றாள். நீ வந்து என்ன கண்ணு பண்ணப் போறே, அங்கயே ஆடு, அவருக்கு அதுதான் புடிக்கும் என்றாள். அன்றைக்கே ஒரு மேட்ச் இருந்தது, கோச் ஆட வேண்டாம், உட்கார் என்றார். இவன் கேட்கவில்லை. கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கி இரண்டு கோல் அடித்தான். மூவாயிரம் பேரும் எழுந்து நின்று ஜோஷுவா ஜோஷுவா என்று பாடினார்கள். அப்பா செத்த அன்றைக்கும் தம்பி பேர்தான். அன்றைக்கு அவனுக்கு அந்தப் பாட்டைக் கேட்கவே பிடிக்கவில்லை. போதும், வாயை மூடுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

நவம்பரில் சீசன் முடிந்து மைசூர் வந்தான். இந்தத் தடவை வந்ததற்குக் காரணம் கல்யாணம். பெண் நிம்மி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பதினாலு மாதமாக வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சை முடித்து வைத்தவர் பெர்னாட் அங்கிள். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், பங்குக் கோயிலில் அவர் இல்லாமல் ஒரு வேலை ஓடாது. ஜோஷுவா என்றால் உயிரை விடுவார். வாட்ஸாப்பில் அவனுக்கென்று ஒரு குழு நடத்துகிறார். பங்கு ஜனங்கள் இருநூறு பேர், நார்வே ரசிகர்கள் நூறு பேர், போதாக்குறைக்கு கிளப் ஆபீஸ்காரர் ஒருவரும் அதில் இருக்கிறார். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் அரை மணியில் நார்வே போய்ச் சேர்ந்துவிடும், அப்படிப்பட்ட வாய்.

வந்த இரண்டாம் நாள் கிளப்பிலிருந்து புது ஒப்பந்தம் போனுக்கு வந்தது. இன்னும் இரண்டு வருஷம். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் இருபத்தொன்பது வயதுக்காரனுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அது. உண்மையில் முப்பத்தொன்று முடிந்துவிட்டது என்று தெரிந்தாலே யோசிப்பார்கள், பேரும் பொய் என்றால் கேட்கவே வேண்டாம். ஒப்பந்தம் போகும், தடை வரும், அத்தோடு பந்தை மறந்துவிட வேண்டியதுதான். அவனுக்குப் பந்தைத் தவிர வேறு ஒரு வேலையும் தெரியாது.

கோயிலில் கல்யாணம் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், அது கொடுத்த கோயிலிலிருந்து வர வேண்டும். அம்மாவும் அவனும் கொள்ளேகால், ஹனூர் வழியாக பஸ் மாறி கௌதள்ளிக்குப் போனார்கள். கோயில் ஆபீசில் இருந்தவர் பழைய புத்தகத்தைத் தள்ளித் தள்ளி இரண்டு பேரையும் கண்டுபிடித்தார். ரயான், தகப்பன் பேர் ஏசுதாஸ், தாய் பேர் சகாயமேரி. அதற்கு இரண்டு வருஷம் தள்ளி ஜோஷுவா, அதே தகப்பன், அதே தாய். அப்புறம் இன்னொரு புத்தகத்தை எடுத்து, இந்த ஜோஷுவா அடக்கம் ஆயிட்டானேம்மா, உங்களுக்கு யார் சான்றிதழ் வேணும் என்று கேட்டார். அம்மா மகனைப் பார்த்தாள். "ரயான்" என்று அவன்தான் சொன்னான்.

வெளியே வந்ததும் தம்பி கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றான். மைசூர் போன பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை, கூட்டிப் போனதும் இல்லை. அம்மா கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து, சுவர் ஓரமாக இரண்டு சிமெண்டுக் கல்லறைகளுக்கு நடுவே வெறும் புல் முளைத்திருந்த இடத்தில் நின்றாள்.

"இதா?"

"இதுதான்."

"சிலுவைகூட இல்லையேம்மா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருந்துச்சு. மரச் சிலுவை, பேர் எழுதி. உன்ற பேரை மாத்துன வாரம் உங்கொப்பன் வந்து புடுங்கிட்டுப் போயிட்டாரு. யாராச்சும் பாத்துப் படிச்சுட்டா வம்பாயிடும்னு."

அம்மா புல்லைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். மூன்று மாதம் அவரோடு பேசவில்லையாம். பிறகு வேறு வழியில்லாமல் பேசினாளாம். மைசூர்க் கோயிலில் வருஷா வருஷம் சின்னவனுக்காகப் பூசை கொடுப்பாளாம், ஆனால் பேர் சொல்ல முடியாதே, ஜோஷுவாவின் ஆத்துமாவுக்காக என்று வாசித்தால் பங்கே திரும்பிப் பார்க்குமே, அதனால் 'ஒரு குடும்பத்தின் வேண்டுதலுக்காக' என்று எழுதிக் கொடுப்பாளாம். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லி அழக்கூட அவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. அவன் கோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்தார் ஓடி வந்து உங்க ஜோஷுவா, உங்க ஜோஷுவா என்று குதிப்பார்கள், அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா உன்ற காலு ஓடுமா? விடு. செத்தவனுக்கு இனி ஒண்ணும் ஆகாது. நீ ஆடு."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு யோசனையும் சொன்னாள். கோயிலில் ரயான் என்று வாசித்து யாராவது கேட்டால், அது ஞானஸ்நானப் பேர் என்று சொல்லிவிட வேண்டியது. பங்கில் பாதிப் பேருக்குக் கோயிலில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், யார் கேட்கப் போகிறார்கள்? காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

மைசூர்ப் பங்குத் தந்தையிடம் மட்டும் மறைக்க முடியாது, அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கடைசிவரை கேட்டார். சர்க்கார் காகிதத்தை நீயும் வக்கீலும் பார்த்துக்கொள்ளுங்கள், உன் கிளப்புக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் மனசாட்சி, ஆனால் என் புத்தகத்தில் செத்தவனுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது, ரயான் என்றுதான் வாசிப்பேன் என்றார்.

நிம்மியிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே சாப்பிடும் மேஜையில் சான்றிதழை விரித்து வைத்தான். அவள் பேரைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா, தேதிதான் முதலில் கண்ணில் படும். இரண்டு வருஷம் வித்தியாசம் இருக்கே என்றாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஹௌதா?"

நிஜமா என்று கேட்கிறாள். ஆமாம் என்றான். காபியை அப்படியே வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். நான்கு நாள் போன் எடுக்கவில்லை.

அந்த நான்கு நாளும் அவன் பட்டது அவனுக்குத்தான் தெரியும். காலையில் ஹெப்பாள் ரோட்டில் ஓடுவான். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும், அப்பாவைத் தெரிந்த டிரைவர்கள் ஹாரன் அடித்து ஜோஷுவா என்று கை காட்டுவார்கள். இவனும் கை காட்டுவான். வீட்டுக்கு வந்தால் அம்மா பேச்சை வானிலை, சமையல் என்று பூசி மெழுகுவாள். நார்வேயில் தனியாக இருந்தால் குளிர்மேல் பழி போடலாம். சொந்த ஊரில், நூறு பேர் தெரிந்து கை காட்டுகிற ரோட்டில், ஒருத்தருக்கும் தான் யாரென்று தெரியாமல் ஓடுவதற்கு எதன்மேல் பழி போடுவது? அவன் வெட்கத்தை விட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான்.

ஐந்தாம் நாள் நிம்மி வீட்டுக்கே வந்தாள். அம்மா காபி போட உள்ளே போனதும், எதிரே உட்கார்ந்து நேராகவே பேசினாள்.

"ரொம்ப கோபம் வந்துது. இன்னும் இருக்கு. ஆனா நீயா வந்து சொன்னே, அது ஒண்ணுதான் உன் பக்கம் இருக்கு. வார்டுல ஒரு பேஷண்டுக்கு ரெண்டு பேர் இருந்தா மருந்து மாறிப் போயிடும், தெரியுமா? நாளைக்கு நான் நார்வேக்கு வந்து, கடையில, ரோட்டுல, உன் தம்பி பேரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடணுமா?"

அவன் போனை எடுத்தான். ஒப்பந்தத்தைக் காட்டி, சொல்லிட்டா இது போயிடும் நிம்மி என்றான்.

"போயிடும்னு எனக்கும் தெரியுது. சொல்லுன்னு நான் சொல்லல. சொல்லலைன்னாலும் கட்டிக்கறேன். ஆனா வீட்டுக்குள்ள மட்டும் ரயான்னு மெதுவா கூப்பிட எனக்கு வராது. எனக்குக் குரல் பெரிசு."

அவள் சொன்னது பொய் இல்லை, அவள் வார்டில் கூப்பிட்டால் கீழ்த்தளத்தில் கேட்கும். அன்றிரவு அவன் ஒப்பந்தத்தைத் திறந்து கையெழுத்துப் போடும் இடம்வரை வந்தான். பிறகு மூடிவிட்டான். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அம்மா சொன்ன வழி, அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு படுத்தான்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, தமிழ்ப் பூசையில் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பேரைக் கோயிலில் வாசிப்பதைத்தான் ஓலை என்பார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்பதற்காக. கோயில் நிரம்பி வழிந்தது. நிம்மி அவள் வீட்டாரோடு முன்பக்கம், அம்மா பெண்கள் வரிசையில், இவன் பின்னால் பெர்னாட் அங்கிள் பக்கத்தில். நற்கருணை முடிந்ததும் ஃபாதர் காகிதத்தை எடுத்தார்.

"நம் பங்கைச் சேர்ந்த மறைந்த ஏசுதாஸ், சகாயமேரி ஆகியோரின் மகன் ரயான் என்பவருக்கும்..."

அவன் காது சூடாகிவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் பேரை யாரும் இப்படி மைக் வைத்து, நாலு பேர் கேட்கச் சொன்னதில்லை. கோயிலில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். ஒரு தலை அவன் பக்கம் திரும்பவில்லை. பத்துப் பதினைந்து தலைகள் அம்மா பக்கம் திரும்பின. இவளுக்கு இன்னொரு மகன் இருக்கிறானா என்று குசுகுசுவென்று கிளம்பியது. அம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பூசை முடிந்ததுதான் தாமதம், பெர்னாட் அங்கிள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே நிறுத்தினார். மனிதர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

"ஏன்ப்பா ஜோஷுவா, என்ன நடக்குது? நான் பேசி முடிச்ச பொண்ணு. ரயான்னு வாசிக்கறாங்க. உனக்கு அண்ணன் யாராச்சும் இருக்கானா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என் புத்தியே! உன் ஞானஸ்நானப் பேரா அது? அப்படித்தானே? எனக்கும்தான் கோயில் புஸ்தகத்துல வேற பேரு. சொல்லப்படாதா, நெஞ்சே நின்னுபோச்சு."

சொல்லிக்கொண்டே போனை வெளியே எடுத்தார், குழுவில் போட. பொய்யை அவரே தயார் பண்ணி, காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார். கோல்கீப்பர் இல்லாத கோல், இரண்டடி தூரம், தொட்டால் போதும். தலையை ஒரு தடவை ஆட்டினால் ஒப்பந்தம் பிழைத்துவிடும், இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம். அந்த ஆட்டுதலோடு ரயானும் ஜோஷுவாவும் ஒரே ஆளின் இரண்டு பேராகிவிடுவார்கள். ஜோஷுவா என்று தனியாக ஒரு குழந்தை பிறந்ததும் பாலைக் குடித்ததும் இல்லை என்று ஆகிவிடும். பெர்னாட் அங்கிளின் விரல் போன்மேல் காத்திருந்தது. அம்மா படி இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிடு சாமி என்று அவள் கண் கெஞ்சியது.

"இல்லை அங்கிள்" என்றான். "ரயான்தான் நான். வேற பேரு எனக்கு இல்லை."

"அப்ப ஜோஷுவா?"

"ஜோஷுவா என் தம்பி. பதினோராம் மாசத்துல செத்துட்டான். அவன் சான்றிதழ்லதான் நான் இத்தனை வருஷம் ஆடினேன்."

பெர்னாட் அங்கிளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "டேய், என்கிட்ட சொல்றேடா இதை" என்றார், அவனுக்காகப் பயந்துபோன குரலில்.

"தெரிஞ்சுதான் சொல்றேன் அங்கிள். எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நானே இன்னைக்கு எழுதிடுவேன்."

முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக அவன் ஊர் கேட்க 'என் தம்பி' என்று சொல்லியிருந்தான். இனிமேல் அந்த நார்வே ஊரில் அவனுக்காக யாரும் எழுந்து பாட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அம்மா அங்கேயே, செருப்புகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, பங்கு ஜனங்கள் அத்தனை பேரும் பார்க்க, "ஜோஷுவா, என்ற சாமி, ஜோஷுவா" என்று பேர் சொல்லி அழுதாள்.